பன்றிக்குப் பட்டினி... பெரியது தாங்கும், குட்டி தாங்காது!

மக்காச்சோளத்துக்குப் பெயர்போன பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இரண்டு, மூன்று தாய்ப்பன்றிகளை வைத்து வெண்பன்றி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டல் கழிவு வராத நாளில் வளர்ந்த பன்றி பசியோடு கிடந்தாலும் மறுநாள் எழுந்துவிடும். ஆனால், பிறந்த குட்டிக்குப் பால் கிடைக்காவிட்டால், மறுநாள் அது உயிரோடு இருப்பதே சந்தேகம். காரணம், வயது.

தீவனம் நின்றதும் ரத்தத்தில் சர்க்கரை குறையத் தொடங்கும். உடனே இன்சுலின் குறைந்து, குளுக்ககான், கார்ட்டிசால் ஹார்மோன்கள் கூடும். ஈரலில் உள்ள சேமிப்பு சர்க்கரை கரையும். அடுத்து உடல் கொழுப்பு எரியும். வளர்ந்த பன்றி இப்படித்தான் சமாளிக்கிறது.

பிறந்த குட்டியின் உடலில் கொழுப்பு 1 முதல் 2 சதவிகிதம்தான். ஈரலில் உள்ள சேமிப்பும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். புதிதாகச் சர்க்கரை உண்டாக்கும் திறனும் முழுமையாக வந்திருக்காது. மார்கழிக் குளிரும் சேர்ந்தால் குட்டி தள்ளாடும், உடல் சில்லிடும், கால்களை உதறி மயங்கும்.

செய்ய வேண்டியவை

* பிறந்தவுடன் துடைத்து, சீம்பாலைக் குடிக்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு அதன் எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் ஏற்காது.
* நோஞ்சான் குட்டியைப் பால் அதிகமுள்ள முன்காம்பில் பிடித்துவிடலாம்.
* குட்டி படுக்கும் இடத்தில் வைக்கோல் பரப்பி, குண்டு பல்பு தொங்கவிட்டு, 32 முதல் 34 டிகிரி வெப்பம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.
* சில்லிட்ட குட்டியை முதலில் சூடுபடுத்திவிட்டு, வெதுவெதுப்பான குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். மயங்கிய குட்டிக்கு வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். கால்நடை மருத்துவர்தான் ஊசி மூலம் குளுக்கோஸ் செலுத்த வேண்டும்.

மற்ற வயதுகளில்...

பால் மறந்த குட்டிகள் முதல் ஓரிரு நாள் தீவனம் தொடாமல் இருக்கும். அதனால் குடல் உள்சுவர் மெலியும். பிறகு ஒரேயடியாகத் தின்றால் கழிச்சல்தான். எனவே, பால் மறக்கடிப்பதற்கு முன்பே தீவனத்தைப் பழக்கி, பிறகு சிறிது சிறிதாகப் பலமுறை வைக்க வேண்டும்.

பாலூட்டும் தாய்ப்பன்றி பசியில் இருந்தால், தன் உடலைக் கரைத்துப் பால் கொடுக்கும். மெலிந்தால் சினைப்பருவ ஹார்மோன் சுரப்பு குறையும். பால் மறக்கடித்த 4 முதல் 7 நாளில் வர வேண்டிய பருவம் தள்ளிப்போகும். அடுத்த ஈற்றும் தாமதமாகும்.

விற்பனைக்கு ஏற்றும் முன் வளர்ந்த பன்றிக்குத் தீவனத்தை நிறுத்தலாம். தண்ணீரை எந்த வயதிலும் நிறுத்தக் கூடாது. தண்ணீர் இல்லாவிட்டால் உடலில் உப்பு கூடி வலிப்பு வரும்.

வாலிகண்டபுரம், சோழமாதேவி வேளாண் அறிவியல் மையங்களில் ஆலோசனை கேட்கலாம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும்.