பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்

நம் கடைகள் பலவற்றில் பரண்மீதோ கிட்டங்கி மூலையிலோ ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 பல பழைய இயந்திரங்களில் ஏறாது. ஆகவே ஓடுகிற கம்ப்யூட்டர்களும் மூலைக்குப் போகின்றன. அவசரப்பட வேண்டாம்.

முதலில் கணக்கு

அந்தப் பெட்டிக்குள் நம் பேரேடு இருக்கிறது. பற்று வரவு, கொள்முதல் விலை, வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் அதில்தான். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. பெட்டி கிளம்பாவிட்டாலும் ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கக்கூடும். அதைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, கணக்கை இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். மற்ற வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்து பழுது

மளிகைக் கடையில் மாவும் மிளகாய்த் தூளும் பறக்கும். அவை உள்விசிறியை அடைத்தால் சூடேறி கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் தூசியை நீக்க வேண்டும். ஈரத்துணி கூடாது.

ஒவ்வொரு நாளும் தேதி பழைய வருஷத்துக்குப் போகிறதா? பில் தேதியே தவறாகிவிடும். போர்டிலுள்ள சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வட்ட பாட்டரி தீர்ந்திருக்கும். மாற்றினால் சரியாகும், செலவு மிகச் சொற்பம்.

"பீப்" சத்தம் மட்டும் வந்து திரை இருண்டிருந்தால், ராம் பட்டையைக் கழற்றித் துடைத்து அழுத்திப் பொருத்திப் பாருங்கள்.

மந்தமாக ஓடினால், பழைய சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதே பெரிய மருந்து. வாடிக்கையாளர் பில்லுக்காகக் காத்து நிற்பது குறையும்.

எந்த வேலைக்கு?

லினக்ஸ் மின்ட் என்ற இயக்க மென்பொருள் இலவசம். 64 பிட் பிராசஸரும் 2 ஜி.பி. ராமும் இருந்தால் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் வசதி. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் மட்டும் ஏற்றலாம். அதிலுள்ள லிபர்ஆபீஸில் சரக்கு இருப்பு, விலைப்பட்டியல், பாக்கிப் பட்டியல் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதலாம். இ-வே பில் இணையதளமும் பிரவுசரில் திறக்கும். ஆனால் விண்டோஸுக்கென்றே செய்த பில் மென்பொருள் இதில் அநேகமாக ஓடாது. விற்றவரிடமும், பிரிண்டர் விஷயத்தில் மெக்கானிக்கிடமும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஆதரவு முடிந்த விண்டோஸையே வைத்திருப்பவர்கள், அதில் வங்கி வேலை செய்யாதீர்கள். இணைய இணைப்பைத் துண்டித்து, இருப்புக் கணக்குக்கு மட்டும் வையுங்கள்.

எதற்கும் உதவாதென்றால்

போர்டே போயிருந்தால் செலவழிக்க வேண்டாம். ஆனால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். பைலை அழித்தாலும் மீட்டெடுக்க வழியுண்டு. நம் கொள்முதல் விலை எதிர்க்கடைக்குப் போய்விடலாம். பெட்டியையும் பழைய இரும்போடு சேர்க்காமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை.

கிழிந்த சாக்கைத் தைத்து மறுபடி சரக்குப் பிடிப்பவர்கள் நாம். கம்ப்யூட்டரையும் அப்படியே பார்ப்போம்.