பதினைந்து நிமிட மின்சாரம்

கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணையும். இது எல்லா ஊருக்கும் பொது. கரண்ட் இருக்கும்போதே அணைவதுதான் எருமப்பட்டி மாதிரி ஊர்களின் தொல்லை. நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் வழியில், கொல்லிமலை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி எங்கும் கிணற்று மோட்டாரும் போர்வெல்லும்தான். மும்முனை மின்சாரம் வந்ததும் தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் போடுவார்கள். ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட்டைக் கிளம்பும் நொடியில் மோட்டார் இழுக்கும். 230 வோல்ட் இருக்க வேண்டிய லைன் அப்போது 180க்கும் கீழே இறங்கி ஏறும். டியூப் லைட் சிமிட்டும், ஃபேன் சோர்ந்து சுற்றும், பாதி நிரப்பிய வருமானச் சான்று விண்ணப்பத்தோடு இ-சேவை மையத்துக் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

யூ.பி.எஸ். வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் “எத்தனை மணி நேரம் தாங்கும்?” என்றுதான் கேட்கிறார்கள். தம் லைனில் என்ன கோளாறு என்று முதலில் பார்த்துக்கொண்டு போவது நல்லது. பிளக்கில் சொருகினால் வோல்டேஜ் காட்டும் சின்ன மீட்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. காலையில், மோட்டார் ஓடும் நேரத்தில், இரவில் என்று ஒரு வாரம் அதைக் குறித்து வைத்தாலே எந்த வகை வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

மணிக்கணக்குக் கேள்விக்கும் காரணம் இருக்கிறது. 2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால் வெளி மாவட்டங்களில் நாளுக்குப் 12 மணி நேரத்தையும் தாண்டியது வெட்டு. கடன் வாங்கியாவது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வைத்தார்கள். தமிழ்நாட்டிலேயே வளர்ந்த நியூமரிக் நிறுவனத்தின் யூ.பி.எஸ். தொழில் பிரான்சின் லெக்ராண்ட் கைக்குப் போனதும் அதே 2012இல்தான். இன்று அந்த அளவு வெட்டு இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு நாளை விட்டால், பெரும்பாலும் சில நொடியிலிருந்து சில நிமிடம் வரைதான். சாமான் வாங்கும் பழக்கம் மட்டும் இன்னும் 2012இலேயே நிற்கிறது.

யூ.பி.எஸ்.ஸில் மூன்று வகை உண்டு. ஆஃப்லைன் என்பது மலிவானது. லைனில் வருவதை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டு, லைன் போனதும் பேட்டரிக்கு மாறும். வோல்டேஜ் இறங்கினாலும் அதற்குப் பேட்டரி ஒன்றே கதி. இரண்டாவது லைன்-இன்டராக்டிவ். இதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் ரிலேயும் இருக்கும். வோல்டேஜ் இறங்கும்போது உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கிறது என்று அர்த்தம். பேட்டரியை அது தொடுவதே இல்லை. 140 வோல்ட் வரை இப்படிச் சமாளிக்கும் மாடல்கள் கிடைக்கின்றன. மூன்றாவது ஆன்லைன்: வரும் மின்சாரத்தை டி.சி. ஆக்கி, மறுபடி ஏ.சி. ஆக்கிக் கொடுப்பதால் மாறும் நேரம் என்பதே கிடையாது. வங்கிக்கும் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைக்கும் அது சரி. ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடைக்கு அந்த விலையும் ஓயாத ஃபேன் சத்தமும் வீண்.

எருமப்பட்டி லைனுக்கு லைன்-இன்டராக்டிவ்தான் என் ஓட்டு. ஆஃப்லைன் வாங்கினால் ஒவ்வொரு முறை மோட்டார் போடும்போதும் அது பேட்டரிக்குத் தாவும். நாளுக்குப் பத்துத் தடவை தாவினால் பேட்டரி சீக்கிரமே களைத்துவிடும். அப்புறம் நிஜமாகவே கரண்ட் போகும் நாளில் ஒரு ‘பீப்’ சத்தத்தோடு எல்லாம் அணையும்.

மாறும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு மாற யூ.பி.எஸ்.ஸுக்கு 4 முதல் 8 மில்லி நொடி ஆகும். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் சுமார் 16 மில்லி நொடி தாங்கும். அதனால் இந்த இடைவெளி கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆனால் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இந்தச் சேமிப்பு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230இல் இருப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான் 180 வோல்ட்டில் இருக்கும். லோ வோல்டேஜில் கிடக்கும்போது கரண்ட் போனால்தான் யூ.பி.எஸ். இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறது என்ற புகார் வருவது இதனால்.

சரி, எவ்வளவு பெரியது வாங்குவது? பெட்டியில் 600 வி.ஏ. என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். ஓரத்தில் சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்து. பில் போடும் சாதாரண டெஸ்க்டாப் 60 முதல் 100 வாட் வரை இழுக்கும், எல்.இ.டி. மானிட்டர் 20, 25 வாட். ஆக 600 வி.ஏ. தாராளம். போட்டோ ஸ்டூடியோவில் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் என்றால் 1000 வி.ஏ.வுக்குப் போக வேண்டும். அதிலும் சைன் வேவ் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவு யூ.பி.எஸ். தரும் படிக்கட்டு அலை சில உயர்ரக எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

நிமிடக் கணக்கு வேறு. சின்ன யூ.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-அவர். 100 வாட்டுக்கு ஐம்பது நிமிடம் வரும் என்று தோன்றும், வராது. அந்த 7 என்பது பேட்டரியை 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. வேகமாக இறக்க இறக்க, கிடைப்பது குறையும். 100 வாட்டுக்குப் புதுப் பேட்டரியில் 15 முதல் 20 நிமிடம். லோடை இரட்டிப்பாக்கி 200 வாட் கொடுத்தால் ஏழெட்டு நிமிடம்கூட வந்தால் வந்தது. வேலையைச் சேமித்து ஒழுங்காக ஷட்டவுன் செய்ய அது போதும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் சொருகாதீர்கள். தாளைச் சூடாக்கும் உருளைக்காக அது 800 வாட்டுக்கும் மேல் திடீரென்று இழுக்கும்; யூ.பி.எஸ். அலறி அணைந்துவிடும்.

நாள் முழுக்கக் கடை நடந்தாக வேண்டும் என்பவர்களுக்கு 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி வைத்த இன்வெர்ட்டர்தான் வழி. அநேக இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ‘யூ.பி.எஸ். மோடு’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம் என்பதால் கம்ப்யூட்டர் அணையலாம். யூ.பி.எஸ். மோடில் போட்டால் சட்டென்று மாறும். ஆனால் வோல்டேஜ் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்குப் போய்விடும். லோ வோல்டேஜ் ஊரில் அதுவும் தலைவலி. இன்வெர்ட்டரைச் சாதாரண மோடில் விட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு சின்ன லைன்-இன்டராக்டிவ் யூ.பி.எஸ். வைத்தால் இரண்டும் தீரும். இதற்கு இன்வெர்ட்டர் சைன் வேவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் அலையைச் சின்ன யூ.பி.எஸ். கரண்ட் என்றே ஏற்காமல் போகலாம்.

லேப்டாப் வைத்திருப்பவருக்கு இத்தனை யோசனை தேவையில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்குப் பிறகு கிராமத்து வீடுகளிலும் லேப்டாப் உண்டு. அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் அணைவது இன்டர்நெட் ரவுட்டர்தான். அதற்கென்றே 12 வோல்ட் டி.சி. தரும் கையடக்க யூ.பி.எஸ். வருகிறது.

வாங்கிய பிறகு வரும் செலவு பேட்டரி. ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரி சூடுதான் பிடித்தம். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். நாமக்கல் வெயிலில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி வைத்த பேட்டரி இரண்டு வருஷம் ஓடினாலே பெரிசு. மாற்றுப் பேட்டரி வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரிக்குள் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். புதுசு என்று கொடுப்பது பாதி செத்ததாக இருக்கும். வாங்கி வந்ததும் இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மறுநாள் வேலையையெல்லாம் சேமித்துவிட்டு, சுவர் ஸ்விட்ச்சை அணைத்து எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பார்த்து பேட்டரி மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள். சோதனைக்காகப் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். எர்த் இணைப்பும் சேர்ந்து அறுந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். பாதிக்குக் கீழே வந்தால் மாற்றும் காலம். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் எடைக்குப் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள். உள்ளே இருப்பது ஈயம் என்பதால் விலையில் கழித்துக்கொள்வார்கள். அதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன.