காட்டு வழியே ஒரு மலைக்கோட்டை



பழங்கோட்டை ஒன்றைக் காண்பதற்கு இரு வழிகள் உண்டு. வாகனத்திலேறி வாயிலிற் சென்று இறங்குவது ஒன்று. அடிவாரத்திலிருந்து காட்டினூடே நடந்து செல்வது மற்றொன்று. முதலாவது வழியிற் செல்வோர் கோட்டையைக் காண்பர். இரண்டாவது வழியிற் செல்வோர் அக்கோட்டை அவ்விடத்தில் ஏன் எழுந்தது என்பதையும் அறிவர். ஆதலின், பிரான்சு தேசத்தின் கிழக்கெல்லையிலுள்ள அல்சாஸ் பிரதேசத்து ஓ-கொனிக்ஸ்பூர் கோட்டைக்கு இன்று நாம் நடந்தே செல்வோம். 'உயரத்திலுள்ள அரசன் கோட்டை' என்பது அப்பெயரின் பொருள்.

ஓர்ஷ்வில்லர் என்னும் சிற்றூரில் வழிகாட்டி நமக்காகக் காத்து நிற்கிறார். ஊரைச் சூழ்ந்திருப்பவை திராட்சைத் தோட்டங்கள். அவை முடியுமிடத்திற் காடு தொடங்குகின்றது. முதலில் எதிர்ப்படுவன செஸ்நட் மரங்கள். அவற்றின் கொட்டை உணவாகும். அவற்றின் மரமோ திராட்சைக் கொடிகளைத் தாங்கும் முளைகளுக்குப் பயன்பட்டது. எனவே, இக்காட்டின் அடிப்பகுதி மனிதனின் தேவையோடு சேர்ந்து வளர்ந்தது எனலாம். மேலே செல்லச் செல்ல ஓக் மரங்களும் பீச் மரங்களும் நிழல் பரப்புகின்றன. வழி தவறாதிருக்க மரங்களிற் செவ்வகம், முக்கோணம், சிலுவை முதலிய வண்ணக் குறிகள் காணப்படுகின்றன. 1872 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வோஜ் மலைக் கழகத்தார் பேணிவரும் குறிகள் இவை.

ஏறத்தாழ 500 மீற்றர் உயரம் ஏறவேண்டும். இடைவழியில் மரங்கள் விலகுமிடத்திற் கீழே நோக்கினால், ரைன் நதிச் சமவெளி விரிந்து கிடக்கின்றது. அதற்கப்பால் ஜேர்மனியின் கருங்காடு தெரிகின்றது. வடக்குத் தெற்காகத் தானியமும் திராட்சை மதுவும், மேற்குக் கிழக்காக வெள்ளியும் உப்பும் சென்ற பாதைகள் இச்சமவெளியிலேதான் சந்தித்தன. அவற்றைக் கண்காணிப்பவன் கையிற் செல்வமும் அதிகாரமும் இருந்தன. 757 மீற்றர் உயரத்திற் கோட்டை எழுந்ததன் காரணம் இதுவே.

உச்சியை அடையுமுன் மரங்களினிடையே வேறொரு சிதைவு தென்படுகின்றது. அது ஓடன்பூர் என்னும் சிறிய கோட்டை. கூரையற்ற கற்சுவர்களும் வெறுமையான சாளரங்களுமே அங்கு எஞ்சியுள்ளன. அதனை எவரும் மீளக் கட்டவில்லை. பெரிய கோட்டையோ அங்கிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் தூரத்தில், கூரையோடும் கோபுரத்தோடும் முழுமையாக நிமிர்ந்து நிற்கின்றது. ஒரே மலையில் ஒன்று சிதைந்தும் மற்றொன்று பொலிந்தும் நிற்பது ஏன்?

1147 ஆம் ஆண்டிலேயே இம்மலைக்கோட்டை குறிப்பிடப்படுகின்றது. 1462 இல், அதனைப் புகலிடமாக்கி வழிப்பறி செய்த பிரபுக்களை அடக்குவதற்காக அயல் நகரங்கள் ஒன்றுசேர்ந்து அதனை அழித்தன. 1479 இல் தியர்ஸ்டைன் குலத்தார் அதனைப் பெற்றுப் புதுப்பித்தனர். அது பீரங்கியின் காலம். ஆதலால் பகைவர் நெருங்கக்கூடிய மேற்குப் பக்கத்தில் மிகத் தடித்த கொத்தளங்களை அமைத்தனர். முற்றுகைக் காலத்துக்கு 60 மீற்றருக்கு மேல் ஆழமான கிணறும் அங்குண்டு. ஆயினும் முப்பதாண்டுப் போரின்போது, 1633 இற் சுவீடன் படையினர் 52 நாட்கள் முற்றுகையிட்டுக் கோட்டையைக் கைப்பற்றினர். அது கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாகக் காடே அதனை ஆண்டது.

1871 இல் அல்சாஸ் ஜேர்மனியின் வசமாயிற்று. 1899 இல், அருகிலுள்ள செலெஸ்தா நகரத்தார் இச்சிதைவை ஜேர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியத்துக்குக் காணிக்கையாக்கினர். தம் பேரரசின் கிழக்கெல்லைக்கு மாரியன்பூர்க் கோட்டை சின்னமாவது போல, மேற்கெல்லைக்கு இது சின்னமாக வேண்டுமென அவர் விரும்பினார். போடோ எபார்ட் என்னும் சிற்பி 1900 முதல் 1908 வரை அதனை மீளக் கட்டினார். அவர் சிதைவுகளை அளந்தார். பழைய ஏடுகளை ஆராய்ந்தார். எனினும் சான்று முடிந்த இடங்களில் ஊகம் துணைக்கு வந்தது. நடுக்கோபுரத்தின் அமைப்புப் பற்றி அக்காலத்திலேயே கடும் வாதம் எழுந்தது.

1908 மே 13 இற் கோட்டை கோலாகலமாகத் திறக்கப்பட்டது. பதினோராண்டுகளுள், 1919 இல், வெர்சாய் உடன்படிக்கையின்படி அது பிரான்சின் உடைமையாயிற்று. 'இது எம் மண்' என்று உலகுக்குக் காட்ட எழுப்பிய சுவர்களை, எழுப்பியவர் இழந்தார். புதிய உடைமையாளரோ அவற்றை இடித்துவிடவில்லை, பேணினர். இன்று ஆண்டுதோறும் ஏறக்குறைய 5 இலட்சம் பேர் அங்கு வருகின்றனர்.

அவ்வாறாயின் எது உண்மைக் கோட்டை? சிதைந்த ஓடன்பூரா, புதுப்பித்த பெருங்கோட்டையா? மாணாக்கர் இவ்வாறு வினவினால் நான் கூறும் விடை இது: இரண்டும் உண்மையே; ஆனால் அவை உரைக்கும் காலங்கள் வேறு. சிதைவு, போரின் கதையைச் சொல்கின்றது. புதுப்பித்த கோட்டை, பதினைந்தாம் நூற்றாண்டைப் பற்றிச் சொல்வதோடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பேரரசர் கண்ட கனவையும் சொல்கின்றது. பழைய கல் எது, புதிய கல் எது, புதியதை வைத்தவர் எந்நோக்கத்தோடு வைத்தார் என்று கேட்டறிவோருக்கு அக்கோட்டை நல்லாசான். கேளாதோருக்கு அது வெறும் அழகிய காட்சி. சில வேளைகளில் அவர்களை ஏமாற்றவும் கூடும்.

நடந்து செல்வதன் பயனும் அதுவே, நேயர்களே. சிதைவை முதலிற் கண்டவன், முழுமையைக் காணும்போது வியந்து நிற்பதோடு அமையான், வினவவும் செய்வான்.