வீட்டுக் கணினிக்குக் காவல்

தோட்டப்புற இல்லங்களில் பிள்ளைகள் பாடம் படிக்கும் கணினியிலேயே பெற்றோர் தம் ஊழியர் சேமநிதிக் கணக்கையும் பார்வையிடுகின்றனர். பிள்ளை பதிவிறக்கம் செய்யும் விளையாட்டொன்றில் தீய நிரல் மறைந்திருக்குமாயின், தந்தையின் கடவுச்சொல் களவு போகக்கூடும். இருள் பிரியுமுன் எழுந்து பால் வெட்டிச் சேர்த்த பணம் அது. அதனைக் காக்கும் வழிகளை ஈண்டு காண்போம்.

வி.பி.என். எனப்படும் மென்பொருளைப் பொருத்திவிட்டால் அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது செய்வது யாது? இணையத்தில் நாம் அனுப்பும் செய்தி பெரும்பாலும் உறையிட்ட கடிதம் போன்றது. உள்ளே இருப்பது தெரியாவிடினும், அது செல்லும் தளத்தின் பெயரை இணையச் சேவை நிறுவனம் அறியும். வி.பி.என். அக்கடிதத்தை மற்றோர் உறையிலிட்டுத் தன் நிலையத்திற்குக் கொண்டு சென்று, அங்கிருந்து அனுப்புகிறது. அதனால் தளத்தின் பெயர் சேவை நிறுவனத்திற்கு மறைகிறது, வி.பி.என். நடத்துவோர்க்கோ தெரிகிறது. ஆகவே, யார் நடத்துவதென்று அறியாத இலவச வி.பி.என். நமக்கு வேண்டா. மேலும், கடிதத்தினுள் நஞ்சிருந்தால் மேலுறை அதனை நீக்காது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் வி.பி.என். பயன்படுத்துவோரை விட்டுவிடுவதில்லை.

எனவே, செய்ய வேண்டியவை இவை:

முதலாவதாக, விண்டோஸ் கணினியில் நிர்வாகி உரிமையில்லாத தனிக் கணக்கைப் பிள்ளைகளுக்கு அமைத்துக் கொடுங்கள். பெரிய மாற்றம் எதற்கும் அப்போது பெற்றோரின் கடவுச்சொல் தேவைப்படும்.

இரண்டாவதாக, எந்த மென்பொருளையும் அதனை ஆக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

மூன்றாவதாக, விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் காவல் நிரலை அணைக்கச் சொல்லும் கோப்பைத் திறவாதீர்கள். காவலாளியை வெளியேறச் சொல்பவன் நல்ல விருந்தாளி அல்லன்.

நான்காவதாக, வி.பி.என். பயன்படுத்துவோர் அதில் 'கில் சுவிட்ச்' இருப்பின் அதனை இயக்கி வையுங்கள். வி.பி.என். இணைப்பு அறுந்தால், மேலுறையின்றிச் செய்தி செல்லாதவாறு அது தடுக்கும்.

இத்தனைக்குப் பின்னும் வங்கிப் பணம் களவு போயின், வெட்கி மறைத்தல் ஆகாது. உடனே வங்கிக்கும், 2022ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 என்னும் எண்ணுக்கும் தொலைபேசியில் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அப்பணம் கை மாறிக்கொண்டிருக்கும்.