மேசனும் பொறியியலாளரும்: யாழ்ப்பாணத்துக் கட்டடத் தொழிலிற் பயிலுநரின் ஏற்றம் பற்றிய சில குறிப்புகள்

இலங்கையின் தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ்களுக்குரியன. ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தினால் வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதோடு, சாந்து குழைக்கத் தொடங்கும் ஓர் இளைஞன் படிப்படியாக முன்னேறிப் பட்டம் பெற்று, பட்டயப் பொறியியலாளனாகிச் சிரேஷ்ட நிலையையும் அடையலாம் என்பது ஏட்டளவில் உறுதியாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இவ்வழியே ஏறிச் சென்றவர் அரிதென்பதை அத்தொழிலோடு சிறிது பழக்கமுள்ளவரும் அறிவர். இவ்வருமைக்குத் தனிமனித முயற்சியின்மையைக் காரணங்காட்டுவது எளிது, வழக்கமுங்கூட. இத்தொழிலின் சமூக வரலாற்றை நோக்குமிடத்து அவ்விளக்கம் நிலைப்பதாயில்லை.

மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக்கொடுக்கும் உதவியாளை யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கு 'முட்டாள்' என்று குறிக்கும். முட்டு எடுத்துக் கொடுக்கும் ஆள் என்று அதற்கு விளக்கங் கூறுவர். சொற்பிறப்பு எவ்வாறாயினும், அறிவிலியைக் குறிக்கும் சொல்லும் தொழிலின் முதற்படியில் நிற்பவனைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு ஒன்றாகவே ஒலிப்பதும், அது எவருக்கும் உறுத்தாமலிருப்பதும் மனங்கொள்ளத்தக்கன. தமிழகத்துச் 'சித்தாள்' என்ற சொல்லில் இந்த இழிவு இல்லை.

உண்மையில் அவன் கற்பது சிறிதன்று. கொங்கிறீற்றுக்கு 1:2:4 என்ற கலவையை அளக்கவும், நீர் மிகுந்தால் அதன் வலிமை குன்றும் என்பதை அறியவும், தூக்குக்குண்டினால் நிலைக்குத்துப் பார்க்கவும், நீர் நிரப்பிய குழாயைக் கொண்டு இரு மூலைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரவும் அவன் பழகுகிறான். அத்திவார மூலையைச் செங்கோணமாக்க நூலிலே மூன்றடியும் நாலடியும் அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா எனச் சரிபார்க்கும் மேசன், பைதகரசின் பெயரைக் கேள்விப்படாமலே தேற்றத்தைக் கையாள்கிறான். குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புப் பாறை. நீர் அரித்த பொந்துகள் அதனுள்ளே உண்டு. அலவாங்கு பாறையில் விழும் ஓசையைக் கேட்டே அத்திவாரம் எங்கே தாங்கும் என மூத்த மேசன்மார் மதிப்பிடுவர். இவ்வறிவு எழுதப்படுவதில்லை. ஒருவனருகே ஒருவன் பல்லாண்டு நின்று பெறுவது அது.

மண் ஒரு சுமையின்கீழ் எவ்வாறு நெகிழ்கிறது என்ற அதே வினாவைக் கணித மொழியில் ஆராய்ந்தவர்களுள் உலகப் புகழ் பெற்றவரும் இம்மண்ணைச் சேர்ந்தவரே. பேராசிரியர் அழகையா துரைராசா ஹாட்லிக் கல்லூரியிற் கற்று, பின்னர் கேம்பிறிட்ஜில் ஆய்வு நிகழ்த்தி, றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட கட்டுரை மண் பொறியியலில் இன்றும் எடுத்தாளப்படுவது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அவர் பணியாற்றினார். ஒரே நிலத்தைப் பற்றிய இவ்விரு அறிவுகளும் ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒன்றையொன்று சந்திக்க ஒரு நிறுவனமும் இருக்கவில்லை. இதனை எவருடைய தனிப்பட்ட குறையாகவும் கொள்ளலாகாது.

பிரித்தானியாவில் நிலைமை வேறாயிருந்தது. 1757இற் பிறந்து, சிறு வயதிலேயே கல்வேலைக்காரரிடம் பயிலுநராகச் சேர்ந்த தோமஸ் ரெல்போட், 1820இல் குடிசார் பொறியியலாளர் நிறுவகத்தின் முதற் தலைவரானார். பொறியியல் என்ற உயர்தொழிலே அங்கு கைவினைஞரின் பட்டறையிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் முகிழ்த்துக்கொண்டிருந்த காலம் அது. இலங்கைக்கோ அது முழு வளர்ச்சியடைந்த பின்னர், குடியேற்ற ஆட்சியின் ஓர் உத்தியோகமாக வந்து சேர்ந்தது. பொது வேலைப் பகுதியின் மேல்நிலையில் ஆங்கிலேயப் பொறியியலாளர். அவருக்குக் கீழே ஓவசியரும் படவரைஞரும். எல்லோருக்கும் கீழே கூலியாள். 1893இல் தொடங்கிய கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரி முதலில் இவ்விடைநிலையினரையே பயிற்றியது. பின்னர் இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பொறியியற் பட்டத்துக்கும் மாணவரை ஆயத்தஞ் செய்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் தோன்றியது 1950இலேதான்.

யாழ்ப்பாணத்தவர் இவ்வமைப்பினுள் புகுந்த வாயில் ஆங்கிலக் கல்வி. 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி தொடங்கிய காலமுதல் கணிதம் இங்கு உத்தியோகத்துக்கான வழியாயிற்று. மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் பொது வேலைப் பகுதிக்கும் எழுதுவினைஞராகவும் தொழில்நுட்ப ஊழியராகவும் பலர் சென்றனர். அவ்வாயில் எல்லோருக்கும் ஒரே அளவிற் திறந்திருக்கவில்லை என்பதைச் சாதியமைப்புப் பற்றி எழுதியோர் போதிய அளவு காட்டியுள்ளனர். ஆகவே கல்வியூடாகப் பொறியியலாளராகும் வழியும் வேலைத்தளத்தினூடாக மேசனாகும் வழியும் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு குடும்பங்களிலிருந்து புறப்பட்டன. கருத்துவினையும் கைவினையும் பிரிக்கப்படுவது முதலாளித்துவ உற்பத்தியின் இயல்பு என்று 1974இல் விளக்கிய ஹரி பிறேவர்மன், தாமே செம்பு வேலைப் பயிலுநராயிருந்தவர். அவர் விவரித்த பிரிவினை ஆலையினுள் நிகழ்ந்தது. நம்மிடையே அது ஆலைக்கு முன்பே, பள்ளிக்கூடத்து வாயிலில் நிகழ்ந்துவிட்டது.

கட்டட முதலீட்டின் தன்மையும் கருதத்தக்கது. குடாநாட்டிலே கட்டடம் என்பது பெரும்பாலும் வீடு. வீடு என்பது பெரும்பாலும் மகளுக்குக் கொடுக்கும் சீதனம். பொருள்களை வீட்டுக்காரரே வாங்குவார். மேசன் தன் ஆட்களுடன் வந்து நாட்கூலிக்கோ சதுர அடிக் கணக்குக்கோ கட்டுவார். எழுத்து ஒப்பந்தம் கிடையாது. பயிலுநரை உள்ளே வைத்து, வகுப்புக்கு அனுப்பி, மேற்பார்வையாளனாக உயர்த்தும் பெரிய நிறுவனம் ஒன்று இச்சூழலில் வளர இடமில்லை. முட்டாள் மேசனாகலாம், மேசன் கொந்தராத்துக்காரரும் ஆகலாம். அதற்கப்பால் அப்பாதை நின்றுவிடும். சீதனச் சந்தையிலே பொறியியலாளருக்குள்ள விலையையும் அவருக்குக் கொடுக்கும் வீட்டை எழுப்புவோர் பெறும் நாட்கூலியையும் ஒப்பிட்டு நோக்கினால், பிரிவினையின் பொருளாதார உள்ளடக்கம் தெளிவாகும்.

1971இன் பல்கலைக்கழக அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ் மாணவர் 250 புள்ளிகளும் சிங்கள மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. இது அப்பட்டமான இன அநீதி. அதன் விளைவுகளை நாம் இரத்தத்தால் அறிவோம். எனினும் தரப்படுத்தல் பற்றிய நமது எழுத்துக்களை மீளப் படிக்கும்போது, அவற்றில் வரும் இளைஞன் எப்போதும் உயர்தர வகுப்பு மாணவனாகவே இருப்பதைக் காணலாம். 1971இல் தேசிய பயிலுநர் சட்டமும் நிறைவேறியது. நம்மில் எத்தனை பேர் அதனை விவாதித்தோம்?

போர் இருவரையும் தாக்கியது, வெவ்வேறு விதமாக. பொறியியலாளர் பலர் புலம்பெயர்ந்தனர். 1950இல் அமைக்கப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்பட்டது. பொருளாதாரத் தடையின் கீழ் வடக்குக்குச் சீமெந்து வருவதும் தடுக்கப்பட்டது. சீமெந்தில்லாத ஊரிலே மேசன் யாருக்குத் தொழில் பழக்குவான்? கையிலிருந்து கைக்குச் செல்லும் அறிவுக்கு அவ்வாண்டுகள் பெரும் இடைவெளியாயின. 2009இன் பின்னர் இந்திய உதவியுடன் வடக்கு கிழக்கில் சுமார் 46,000 வீடுகள் அமைக்கும் திட்டம் வந்தது. வீடொன்றுக்கு 5,50,000 ரூபா. பயனாளியே ஆள் பிடித்துக் கட்டவேண்டும். அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அடுத்த தவணைப் பணம். அலவாங்கின் ஓசையைக் கேட்கப் பழகும் அவகாசமின்றி அவசரத்தில் மேசனானவர்கள் அக்காலத்தில் உருவாயினர்.

சட்டம் இன்று இப்பிரிவினையை எவ்வாறு பதிவு செய்கிறது என்பதையும் பார்க்கலாம். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் கைவினைஞரைப் பதிந்து அடையாள அட்டை வழங்க ஏற்பாடு செய்தது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியற் பேரவைச் சட்டம் பட்டயப் பொறியியலாளர் முதலிய வகுப்பினரைப் பதிகிறது. இரண்டு சட்டங்கள், இரண்டு இடாப்புகள். மேசனுக்கு ஓர் அடையாளம் கிடைத்தது நன்மையே. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒருவன் செல்ல எத்தனிக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அனுபவமுள்ள மேசன் ஒருவர், முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டின் மூலம், வகுப்புக்குச் செல்லாமலே மூன்றாம் அல்லது நான்காம் மட்டச் சான்றிதழைப் பெறலாம். இது சட்டகத்தின் மிகச் சிறந்த அம்சம். ஐந்தாம் மட்டத்திலோ கணிதமும் வரைபடமும் ஆங்கிலமும் எதிர்ப்படுகின்றன. 'தகைப்பு', 'விகாரம்', 'வலிதாக்கிய கொங்கிறீற்று' என்று அரும்பாடுபட்டு ஆக்கிய கலைச்சொற்கள் உயர்தர வகுப்போடு நின்றுவிடுகின்றன. பல்கலைக்கழகப் பொறியியல் ஆங்கிலத்திலே நடக்கிறது. வேலைத்தளத்து வரைபடமும் ஆங்கிலத்திலேயே வருகிறது. மேசனோ 'பீம்', 'கம்பி' என்கிறான். தமிழ்க் கலைச்சொல் இருவரையும் இணைக்கும் பாலமாயிருந்திருக்கலாம். பரீட்சைத் தாளுக்கு வெளியே அதற்கு வாழ்வு கிட்டவில்லை. அத்துடன், வகுப்புக்குச் செல்லும் நாளில் நாட்கூலி இல்லை. நான்காம் மட்டச் சான்றிதழைப் பெற்ற இருபத்தைந்து வயது மேசனுக்கு வீட்டிலே பெரும்பாலும் மணமாகாத ஒரு சகோதரி இருப்பாள். அவளுக்கும் ஒரு வீடு கட்டவேண்டியிருக்கும்.