முன்மூடியில் ஒரு துளை

பழைய அமெரிக்க மகிழுந்துகள் சிலவற்றின் முன்மூடியில், ஓட்டுநரின் பார்வைக்கு நேராகச் சிறு கூடு ஒன்று புடைத்து நிற்கும். அதனுள் இருப்பது டாக்கோமீட்டர் எனப்படும் சுழற்சிமானி. இயந்திரம் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதை அது காட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பாண்டியாக் பிரிவு, 1967ஆம் ஆண்டு ஜி.டி.ஓ., ஃபயர்பேர்டு ஆகிய மகிழுந்துகளில் இதனை விருப்பப் பொருளாக வழங்கியது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடும். கியர் மாற்றும் தருணம் அறியத் தாழும் கண், அந்நேரம் சாலையைக் காண்பதில்லை. மானி வெளியே இருந்தால் பார்வை தாழ வேண்டியதில்லை. நல்ல எண்ணமே, ஆயினும் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மானியின் கண்ணாடிக்குள் ஈரம் படிவதும் உண்டு.

இம்மானி இல்லாமல் விற்பனையான வண்டிகளில் இன்று அதனைப் பொருத்த விரும்புவோர் உளர். அவர்களைத் தயங்கவைப்பது வெட்டும் வேலையன்று, வெட்டப்படும் பொருளே. அரை நூற்றாண்டு கடந்தும் பிழைத்திருக்கும் அசல் எஃகுத் தகடு அது. தவறாக வெட்டிய துளையைப் பற்றவைத்து அடைக்கலாம். ஆனால் வெப்பத்தால் மெல்லிய தகடு நெளியும். சுற்றியுள்ள வண்ணம் கருகும். பழைய தகடு பழையபடி மீளாது. ஆதலின் அசல் மூடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, புதிதாகச் செய்த மாற்று மூடியில் துளையிடுவோரும் உண்டு. அதனைக் கோழைத்தனம் என்று சொல்வதற்கில்லை.

வேலையின் பெரும்பகுதி அளப்பதிலேயே கழிகிறது. முதலில் மூடியின் மேற்பரப்பைத் துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டுவர். அது வண்ணத்தைக் கீறல்களிலிருந்து காக்கும். கோடு வரையவும் இடந்தரும். துளையின் வடிவில் வெட்டிய மாதிரித்தாளை அதன்மேல் வைத்து, மூடியின் நடுக்கோட்டிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் தூரத்தை அளந்து நிறுத்துவர். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்க்க, மற்றொருவர் தாளை இடவலமாக நகர்த்துவதும் உண்டு. மேலே இடம் பொருந்தினாலும் போதாது. மூடியின் அடியில் அதனைத் தாங்கும் உட்சட்டம் ஓடுகிறது. அதனை அறுத்தால் மூடி வலுவிழக்கும். மூடியை மூடிய நிலையில் மானியின் அடிப்பகுதி இயந்திரத்தின் எவ்வுறுப்பிலும் இடிக்கலாகாது.

துளையின் மையத்தில் சென்டர் பஞ்ச் கொண்டு சிறு குழி இட்டபின், 3 மில்லிமீட்டர் துளை இடப்படும். குழி இல்லையேல் வளைந்த பரப்பில் டிரில் முனை வழுக்கிச் சென்று வண்ணத்தில் நீண்ட கீறலை இழுத்துவிடும். வட்டத் துளைக்கு வட்ட ரம்பம் ஏற்றது. ஆனால் தகட்டின் தடிப்போ ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. ரம்பத்தின் நடுமுனை அதனைக் கடந்ததும் பற்றிக்கொள்ள ஏதும் இல்லாமல் ஆடும். மூடியின் வளைவால் பற்களும் ஒரு பக்கம் முந்திக் கடிக்கும். எனவே தகட்டின் அடியில் மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுப்பர். நடுமுனை மரத்தில் ஊன்றி நிற்க, ரம்பம் வழி தவறாது. வேகமும் குறைவாகவே இருத்தல் வேண்டும். 50 மில்லிமீட்டர் வட்ட ரம்பத்தை நிமிடத்திற்கு 190 சுற்றுகள் சுழற்றினாலே பற்களின் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 மீட்டர் ஆகிவிடும். அதற்கு மேல் விரைந்தால் பற்கள் சூடேறி மழுங்கும். சில சொட்டு எண்ணெய் அச்சூட்டைத் தணிக்கும்.

துளையைச் சற்றுச் சிறிதாகவே வெட்டி, எஞ்சியதை அரைவட்ட அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொணர்வர். அரத்தூளை உடனே அகற்றாவிட்டால், அது வண்ணத்தில் ஒட்டித் துருப்புள்ளிகளை உண்டாக்கும். வெட்டிய விளிம்பு வெற்று எஃகு. அதற்குத் துருத்தடுப்புப் பிரைமரும் வண்ணமும் பூசி, உலர்ந்தபின்னரே ரப்பர் வளையம் வைத்துக் கூட்டைப் பொருத்துவர்.

மானிக்குச் செய்தி தருவது இக்னிஷன் காயிலிலிருந்து வரும் கம்பி. எட்டு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு இயந்திரம் ஒரு சுற்றுக்கு நான்கு முறை தீப்பொறி எழுப்பும். நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் எனில், நொடிக்கு 200 துடிப்புகள் அக்கம்பி வழியே செல்கின்றன. அக்கம்பியை மூடியின் கீல் ஓரமாகச் சற்றுத் தளர்வாக விட்டுக் கட்டுவர். பின்னர் மூடியைப் பலமுறை மெல்லத் திறந்து மூடுவர். கம்பி எங்கும் இழுபடவோ நசுங்கவோ இல்லை என உறுதியானபின்னரே பேட்டரியின் இணைப்பு மீண்டும் கொடுக்கப்படும்.