எவர்க்கு எந்தக் கணினி?

வல்லக்கோட்டை முருகன் கோவிலைக் கடந்து செல்லும் சாலையில் விடியற்காலையிலேயே தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக வரத் தொடங்கிவிடுகின்றன. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ-நிசான் மகிழுந்து ஆலையும், 2012இல் டைம்லர் சரக்குந்து ஆலையும் தொடங்கப்பட்டன. அருகிலுள்ள திருப்பெரும்புதூரில் 2007இலேயே டெல் நிறுவனம் கணினி உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. கணினி உருவாகும் மண்ணில் வாழும் மாணவர், தமக்கேற்ற கணினியைத் தேர்ந்தெடுக்கவும் அறிந்திருத்தல் வேண்டும்.

கணினியின் உள்ளமைப்பை ஒரு தொழிற்கூடத்தோடு ஒப்பிடலாம். செயலி என்பது வேலை செய்யும் தொழிலாளி. முதன்மை நினைவகம் அவர் முன்னுள்ள பணிமேசை. வன்தட்டு, உதிரிப் பொருள்களை அடுக்கி வைத்துள்ள கிடங்கு. மேசை சிறிதாக இருப்பின், தொழிலாளி எத்துணைத் திறமையுடையவராயினும் கிடங்குக்கும் மேசைக்கும் நடந்தே பொழுதைக் கழிப்பார். பழைய கணினி திணறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பழியோ செயலியின்மேல் விழுகிறது! சுழலும் வன்தட்டு ஒரு தரவைத் தேடியெடுக்க ஏறத்தாழ நொடியில் நூற்றிலொரு பங்கு நேரம் கொள்ளும். சுழலும் பகுதி எதுவுமற்ற எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் அதைப் பன்மடங்கு விரைவாகச் செய்துவிடும்.

ஓர் ஆலைக்குள்ளேயே தேவைகள் வேறுபடுகின்றன. உதிரிப் பாகங்களை முப்பரிமாணத்தில் வரையும் பொறியாளருக்குத் தனி வரைகலைச் செயலியும் மிகுதியான நினைவகமும் வேண்டும். இருப்புக் கணக்கெழுதுபவருக்கு எளிய கணினியே போதும். அவருக்கு விலையுயர்ந்த வரைகலைச் செயலி வீண் செலவு. தூசியும் அதிர்வும் மிகுந்த உற்பத்தித் தளத்திலோ விசிறியில்லாத, மூடிய உறையுடைய தொழிலகக் கணினியே நிலைக்கும்.

இனி, வீட்டுக்கு வருவோம். ஒரு மடிக்கணினியின் விலை பல குடும்பங்களில் ஒரு மாத ஊதியத்தை விழுங்கிவிடும். ஆகவே, வாங்குமுன் வீட்டில் இருப்பதை ஆராய்க. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் சில வீடுகளில் இன்றும் இருக்கக்கூடும். அத்தகைய பழைய கணினிகள் பலவற்றில் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தலாம், நினைவகத்தையும் கூட்டலாம். ஆனால், 32 பிட் இயங்குதளம் பொதுவாக 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது என்பதை மறவாதீர். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அவற்றில் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்துதல் நல்ல வழி.

புதிதாகத்தான் வாங்க வேண்டுமெனில், பாடம் படிக்கவும் நிரல் எழுதவும் 8 ஜிகாபைட் நினைவகமும் 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யும் போதுமானவை. விளம்பரத்தின் பெரிய எழுத்துகளை விடுத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளதா, கழற்றி மாற்றக்கூடியதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பற்றவைக்கப்பட்டிருந்தால், இன்று வாங்கும் அளவே அக்கணினியின் ஆயுள்வரைக்கும்.